உரிமை காகிதத்தில், சாவி வேறிடத்தில்

“குடிநீரின் உரிமை மாநகராட்சியிடமே இருக்கிறது, விநியோகமும் பராமரிப்பும்தான் தனியாருக்கு. பிறகெதற்கு அதைத் தடுக்கத் தனிச் சட்டம்?” என்கிறார்கள்.

1. கோவையின் 24 மணி நேரக் குடிநீர்த் திட்டம் 2018-ல் பிரான்சின் சூயஸ் நிறுவனத்துக்குப் போனது, 26 ஆண்டுகளுக்கு. அப்போது மாமன்றமே இல்லை. பழையதன் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். ஐந்து மாமன்றங்களின் கையைக் கட்டும் ஒப்பந்தம் கையெழுத்தானபோது தட்டிக்கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. இதுதான் உரிமையா?

2. பிடிக்காவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாமாம். பொலிவியாவின் கொச்சபம்பாவில் 2000-ல் தனியார் குடிநீர் ஒப்பந்தத்தை மக்கள் போராடி ரத்து செய்யவைத்தார்கள். நிறுவனம் இழப்பீடு கேட்டுப் பன்னாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. வழக்கைக் கைவிட்டது 2006-ல்தான்.

3. உருகுவே 2004-ல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, ஸ்லோவேனியா 2016-ல் நாடாளுமன்றம் வழியாக, அரசியல் சாசனத்திலேயே குடிநீர் தனியார்மயத்துக்குத் தடுப்பு வைத்தன. நம் சாசனத்தின் 12-வது அட்டவணையில் குடிநீர் வழங்கல் நகராட்சிப் பணிகளில் ஒன்று, அவ்வளவே. தனியாருக்குக் கொடுக்காதே என்று அதில் எங்கே இருக்கிறது?

தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தைத் திருத்துங்கள்: தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் குடிநீர் ஒப்பந்தம் செல்லாது.