காடியை மாத்துறதுக்கு முன்னால கதவு ரப்பரைப் பாருங்க



மழை சீசன் வந்துட்டா கோயில் கார் நிறுத்துமிடத்தில் தொண்டு செய்யும் எங்கள் காதில் அடிக்கடி விழும் பேச்சு இது: "காடிக்குள்ள தண்ணி வருதுங்க. இருபது வருசமாச்சு. தள்ளிவிட்டுட்டுப் புதுசு எடுக்கலாம்னு பிள்ளைங்க சொல்றாங்க." விரா, இஸ்வாரா, கஞ்சில் வைத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் இப்படிச் சொல்கிறார்கள்.

எங்கள் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறோம். தண்ணி வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓடுகிற காடியை விற்காதீங்க. ஐம்பத்தொன்றைத் தாண்டினவர் ஒன்பது வருடக் கடன் எடுத்தால், 60 வயசில் வேலை ஓய்வு வந்த பிறகும் தவணை கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நாலு கதவுக்கும் புது ரப்பர் போடுகிற செலவு அந்தத் தவணையில் ஒன்றிரண்டு மாதத்துக்குள் அடங்கிவிடும். 2009-இல் பத்து வருடப் பழைய காடியைக் கொடுத்துவிட்டுப் புது தேசியக் காடி வாங்கினால் 5,000 வெள்ளி கழிவு என்று அரசாங்கமே திட்டம் போட்டது. பழசு என்றாலே கொடுத்துவிடணும் என்ற எண்ணம் அப்படியே நமக்குள் தங்கிப்போச்சு.

நம்மில் பாதிப் பேரின் பெற்றோர் தோட்டத்தில் பால் வெட்டினவர்கள். ஆனால் கதவைச் சுற்றி இருக்கிற ரப்பர் அந்த மரத்துப் பாலில் செய்தது இல்லை. மரத்து ரப்பர் வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் பட்டால் சீக்கிரம் வெடித்துவிடும். அதனால் காடிக்கு இபிடிஎம் என்கிற செயற்கை ரப்பரைத்தான் போடுகிறார்கள். அது வெயில் தாங்கும். ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. கதவு மூடியே இருப்பதால் வருடக்கணக்கில் நசுங்கி நசுங்கி, ஒரு கட்டத்தில் பழையபடி எழும்பாது. பார்க்க முழுசா இருக்கும், விரிசல் இருக்காது, ஆனால் கதவோடு ஒட்டாது. தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள் பழைய பம்ப்பின் ஓ-ரிங்கைக் கழற்றிப் பார்த்திருந்தால் இது தெரியும். உருண்டையா போட்டது தட்டையா வரும்.

இதனால்தான் "கெடாய் போத்தோங்கில் நல்ல ரப்பர் கிடைச்சுச்சு" என்று யாராவது சொன்னால் நாங்கள் யோசிக்கச் சொல்கிறோம். கழற்றிய காடியின் ரப்பரும் உங்கள் ரப்பரோடு ஒட்டிப் பிறந்ததுதான். அதே வயசு, அதே நசுங்கல். இருபது வருட ரப்பரை எடுத்துவிட்டு இன்னொரு இருபது வருட ரப்பரைப் போட்டு என்ன பயன்? விரா, கஞ்சில் இரண்டும் 2009-இல் நின்றுபோயின. கடைசியாக வந்த காடிக்கே பதினைந்து வயசு தாண்டிவிட்டது.

எங்கள் கணக்கு சுலபம். மெத்தென்று இருப்பதைப் புதுசா வாங்குங்க. கெட்டியா இருப்பதைப் பழசில் தேடுங்க. கதவு ரப்பர், பூட் ரப்பர், கண்ணாடி ஏறி இறங்குகிற தடத்து ரப்பர் இவையெல்லாம் புதுசுதான். கதவு உள்பக்கப் பலகை, கைப்பிடி மூடி, பக்கவாட்டுப் பட்டி, பம்பர் ஓரத்துப் பிளாஸ்டிக், கிளிப் இவை கழற்றினதில் நல்லதா கிடைத்தால் தாராளமா எடுக்கலாம். கண்ணாடிக்கு அடியில் கதவின் வெளிப்புறம் ஓடுகிற கறுப்புப் பட்டி மட்டும் இரண்டுக்கும் நடுவில். அதில் இரும்பும் இருக்கு, ரப்பர் உதடும் இருக்கு. உதட்டை விரலால் மடக்கிப் பாருங்க. ஒடிந்தால் வேண்டாம்.

இன்னொன்று. ஜப்பானிலிருந்து வருகிற ஹாஃப் கட் பெரும்பாலும் எஞ்சினோடு சேர்ந்த முன்பாதிதான். கதவுச் சாமானை அதில் தேடி அலையாதீங்க. உள்ளூரில் உடைத்த காடி இருக்கிற இடமாகப் பார்த்துப் போங்க.

கடைக்குப் போகும் முன்னால் தண்ணி எங்கிருந்து வருது என்று கண்டுபிடிக்கணும். இதைச் செய்யாமல் நாலு ரப்பரும் மாத்தி, மறுபடி கால்மிதி நனைந்து, ரப்பரைத் திட்டினவர்களை எங்களுக்குத் தெரியும். முன்சீட்டுப் பயணி பக்கம் மட்டும் ஈரம், மழையே இல்லாத நாளிலும் ஈரம், ஏர்கான் போட்டும் காடிக்கு அடியில் தண்ணி சொட்டவில்லை என்றால் அது ஏர்கான் தண்ணிக் குழாய் அடைப்பு. கதவு அடிப்பக்கம் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியா உள்ளே இறங்குகிற தண்ணி வெளியேற வைத்த ஓட்டை அது. மண் அடைத்திருந்தால் குச்சியால் குத்தி எடுங்க. கதவுப் பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். அது கிழிந்திருந்தாலும் தண்ணி உள்ளே வரும். இதற்கெல்லாம் காசே ஆகாது.

அடுத்து ஒரு வெள்ளி நோட்டை எடுத்துக் கதவில் வைத்து மூடி, மெதுவா இழுங்க. பிடிமானம் இருந்தால் அந்த இடத்தில் ரப்பர் வேலை செய்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் இல்லை. கதவைச் சுற்றிப் பத்து இடத்தில் பாருங்க. ஒரு மூலையில் மட்டும் தளர்ந்திருந்தால் கதவு கீல் தேய்ந்து கதவு தொங்கியிருக்கலாம். முதலில் அதைச் சரிசெய்யணும். பிறகு ஒருவர் டார்ச் லைட்டோடு உள்ளே உட்கார, இன்னொருவர் ரப்பர் குழாயில் தண்ணி விடணும். கீழிருந்து மேலே போங்க. மேலே ஆரம்பித்தால் தண்ணி எல்லா இடத்திலும் வழியும், ஒன்றும் புரியாது.

வாங்கும்போது காடி கிராண்ட்டில் உள்ள சேசிஸ் நம்பரையும், பழைய ரப்பரில் ஒரு சாண் வெட்டியும் கையோடு கொண்டுபோங்க. "விராவுக்கு" என்று மட்டும் கேட்டால் போதாது. விரா செடானுக்குப் பூட், ஏரோபேக்குக்குப் பெரிய பின்கதவு, இரண்டுக்கும் ரப்பர் வேற வேற. ஆன்லைனில் மீட்டர் கணக்கில் விற்கும் பொது ரப்பர் கதவுச் சுற்றுக்குச் சில நேரம் பொருந்தும். அதன் வெட்டு முகத்தைப் பழைய துண்டோடு வைத்துப் பார்த்துதான் வாங்கணும். கண்ணாடித் தடத்துக்கு அது ஆகவே ஆகாது. கண்ணாடி சிக்கி மோட்டார் போய்விடும்.

போடும்போது இழுத்துப் போடாதீங்க. இழுத்த ரப்பர் சுருங்கி, ஒரு மாதத்தில் இணைப்பு வாய் திறந்துகொள்ளும். இணைப்பு கதவின் அடிப்பக்கம் வரட்டும். முழுச் சுற்றும் பொருத்தின பிறகு கொஞ்சம் கூடுதலா விட்டு வெட்டுங்க. புது ரப்பர் போட்டால் சில வாரம் கதவு மூடக் கஷ்டமாத்தான் இருக்கும். பயந்து சீவிவிடாதீங்க. பராமரிப்புக்கு சிலிகான் கிரீஸ் போதும். எஞ்சின் எண்ணெய், சாதா கிரீஸ் தடவினால் இபிடிஎம் ஊதிப்போகும்.

தண்ணியைவிட எங்களைக் கவலைப்பட வைப்பது பின்கதவு ரப்பர். ஏரோபேக், கஞ்சில், பழைய வேன் இதிலெல்லாம் ஓடும்போது வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறையும். எக்சோஸ் புகை அங்கேதான் சுழலும். பின்கதவு ரப்பர் செத்துப்போயிருந்தால் அந்தப் புகை உள்ளே வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, தூக்கம் என்று காட்டும். பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வந்தால் நாம் களைப்பு என்று நினைத்துக்கொள்வோம். ரிம்முக்கும் டின்ட்டுக்கும் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிற தம்பிகளே, முதலில் இதைப் பாருங்க.

எல்லாப் பழைய காடியையும் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. கால்மிதியைத் தூக்கிப் பார்த்தால் தரை இரும்பு பொத்தல், கதவுக்கு அடியில் ஓடும் சட்டம் கையால் அழுத்தினால் நொறுங்குது என்றால், விட்டுவிடுவதுதான் புத்தி. மோதினால் உங்களைக் காப்பாற்றுவது அந்த இரும்புதான். ஆனால் அந்தத் துரு எப்படி வந்தது? பல வருடம் முன்னால் மாத்தாமல் விட்ட ஒரு ரப்பர் பட்டியால் வந்ததாகவும் இருக்கலாம்.

காடி செய்கிற கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. பழைய மாடலுக்கு எஞ்சின் சாமான் கிடைக்குது, பிரேக் கிடைக்குது, ரப்பர் கேட்டால் கைவிரிக்கிறாங்க. ரப்பர் பட்டி அச்சு வழியா நீளமா அழுத்தித் தள்ளிச் செய்கிற பொருள். கதவுத் தகடு அடிக்கிற அச்சோடு ஒப்பிட்டால் இந்த அச்சு மிகச் சின்னது. ரோட்டில் இன்னும் ஓடும் காடிக்கு இதையாவது தொடர்ந்து செய்து கொடுக்கலாம்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. அப்பாவோ மாமாவோ பழைய காடி ஓட்டினால், நாலு கதவிலும் பின்கதவிலும் அந்த வெள்ளி நோட்டு சோதனையைச் செய்து பாருங்க. பத்து நிமிசம்தான் ஆகும். புரியலைன்னா ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிந்ததும் காடியைக் கொண்டு வாங்க. டார்ச் லைட்டும் தண்ணிக் குழாயும் எங்களிடம் இருக்கு.