புலிக்கும் உறக்கம் வரும்

இரவு எட்டரை மணியானால் குழந்தைகள் பிரிவில் ஏதேனும் ஒரு கட்டிலருகே இந்தக் குரல் எழும்: “அழாம தூங்கு. இல்லேன்னா சிஸ்டர் வந்து பெரிய ஊசியாப் போட்டுடுவாங்க.” சொல்பவர் தாயாக இருக்கலாம், பாட்டியாக இருக்கலாம், பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவுத் துணைக்கு வந்த தந்தையாகவும் இருக்கலாம். குழந்தை அக்கணமே அடங்கிவிடும். போர்வைக்குள் முகம் மறையும். சொன்னவருக்கு ஒரு நிம்மதி.

அந்த நிம்மதிக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அச்சத்தால் உறங்க வைப்பதை விட்டுவிட்டு, சிரிப்பூட்டும் விலங்குப் பாட்டாலும் படப் புத்தகத்தாலும் குழந்தைகளை உறங்க வைப்போம் என்று கேட்டுக்கொள்ளவே இதனை எழுதுகிறேன். பல்லாண்டுகளாக இரவுப் பணி பார்த்துவரும் செவிலி என்ற முறையில் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில் நானும் அந்த மிரட்டலைப் பயன்படுத்தியிருக்கிறேன். ஊசியை உயர்த்திக் காட்டியும் இருக்கிறேன். அது தவறு என்று எனக்கு உணர்த்தியவள் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி.

அவளுக்கு இரண்டு நாள்களாக வயிற்று வலி. வீட்டில் எவரிடமும் அவள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நிமிர்ந்து நடக்க இயலாமற்போன பிறகே அழைத்து வந்தார்கள். குடல்வால் அழற்சி. அன்றிரவே அறுவை நடந்தது, நலமாகத் திரும்பினாள். கட்டுப் பிரிக்கும் நாளில், “ஏம்மா முன்னாடியே சொல்லல?” என்று கேட்டேன். “சொன்னா ஊசி போட்டுடுவீங்கன்னு பாட்டி சொல்லியிருக்காங்க” என்றாள். அவளுடைய பாட்டி தீயவர் அல்லர். பேத்தி சோறுண்ண வேண்டும், உறங்க வேண்டும் என்பதற்காக விளையாட்டாகச் சொன்னவர். ஆனால் குழந்தை அதனை விளையாட்டாகக் கொள்ளவில்லை. வலியை மறைப்பதே தப்பும் வழி என்று முடிவுசெய்துகொண்டது.

மருத்துவமனையை அச்சுறுத்தும் இடமாகக் காட்டி வளர்த்த குழந்தையிடம் இத்தகைய இடையூறுகள் பல உண்டு. நரம்பில் ஊசி ஏற்றும்போது கையை இழுத்துக்கொண்டால் ஊசி விலகி மறுமுறை குத்த நேரிடுகிறது. அழுதுகொண்டே இருக்கும் குழந்தையின் மார்பில் கருவியை வைத்து மருத்துவர் எதனைக் கேட்பது? “எங்கே வலிக்கிறது?” என்ற எளிய வினாவுக்குக்கூட உண்மையான விடை கிடைப்பதில்லை.

உறக்கமும் கெடுகிறது. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரமும், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரமும் உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. நோயுற்ற பிள்ளைக்கு அந்த ஓய்வு மேலும் இன்றியமையாதது. மருத்துவமனையிலோ வெப்பம் பார்க்கவும், மருந்து கொடுக்கவும் நாங்கள் எழுப்ப வேண்டியிருக்கிறது. எனவே கிடைக்கும் உறக்கமாவது அமைதியானதாக இருக்க வேண்டும். அஞ்சி அடங்கிய குழந்தை உறங்கிவிட்டதாக நமக்குத் தோன்றும். போர்வையை விலக்கிப் பார்த்தால் விழித்துக்கொண்டிருக்கும்.

இப்போது மிரட்டலின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டு வருகிறது. காணொளி ஒன்றைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டால் அழுகை நிற்கிறது. ஆயினும் ஒன்று முடியுமுன் அடுத்தது தொடங்குகிறது, கண்ணுக்கு ஓய்வில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் திரையே கூடாது என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது என்றும் கூறியிருக்கிறது. இரவு நேரக் கட்டில் அந்த ஒரு மணிக்கு உரிய இடமன்று.

அச்சமும் வேண்டா, திரையும் வேண்டா என்றால் வேறு என்ன உண்டு? நம் முன்னோர் வைத்துவிட்டுப் போனதே உண்டு. ‘தால்’ என்றால் நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்று பெயர் பெற்றதாகச் சொல்வர். பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்து, அவற்றுள் மூன்றாவதைத் தாலப் பருவம் என்றே வழங்குகிறது. குழந்தையை உறங்க வைப்பதை ஓர் இலக்கியப் பகுதியாகவே வைத்த மொழி நம்முடையது. அண்மைக் காலத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து இராயவரத்தில் 1922-இல் பிறந்த அழ. வள்ளியப்பா, வங்கியில் பணிபுரிந்துகொண்டே குழந்தைகளுக்கெனப் பாடல்களை எழுதிக் குவித்தார். அவருடைய முதல் தொகுப்பாகிய ‘மலரும் உள்ளம்’ 1944-இல் வெளிவந்தது. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முன்னின்றவரும் அவரே. அவர் பாடல்களில் விலங்குகள் பேசும், சேட்டை செய்யும், சிரிக்க வைக்கும். அப்பாடல்களைப் பள்ளியில் பாடிய தலைமுறையினர் பலர் இன்று இதே பிரிவில் பேரப்பிள்ளைகளுக்குத் துணையிருக்கின்றனர். பாட்டு அவர்களுக்கு மறக்கவில்லை. பாட வேண்டும் என்ற நினைவுதான் வருவதில்லை.

எதுகையும் மோனையும் அமைந்த விலங்குப் பாட்டு நோயுற்ற குழந்தையிடம் என்ன செய்கிறது என்பதை நான் கண்ணாரக் கண்டது ஓர் இரவில். ஐந்து வயதுச் சிறுவன், காய்ச்சல், மூன்று நாள்களாகக் கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளை உடையைக் கண்டாலே கையைப் போர்வைக்குள் ஒளித்துவிடுவான். அவனுடைய பாட்டி நம்மூர்ப் பீங்கான் பட்டறையொன்றில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுபவர். எழுதப் படிக்கத் தெரியாது. அன்றிரவு அவர் பட்டறையில் தாம் வண்ணம் பூசும் விலங்குகளை ஒவ்வொன்றாக அழைத்துப் பாட்டுக் கட்டினார். நான் குறித்து வைத்துக்கொண்ட வரிகள் இவை:

காட்டுக்குள்ளே கரடியார் கண்ணைக் கசக்கிக் கொண்டார்;
கூட்டுக்குள்ளே குருவியார் குறட்டை விடக் கண்டார்.
“பாட்டுப் பாடு, பாட்டியே!” பாயும் புலி கேட்டதாம்;
மூட்டை போலச் சுருண்டபின் மூச்சு மட்டும் கேட்டதாம்.

முதல் முறை பையன் சிரித்தான்; குருவி குறட்டை விடுமா என்று வாதிட்டான். இரண்டாம் முறை ‘மூட்டை’ என்ற சொல்லைப் பாட்டிக்கு முன்னதாகத் தானே சொன்னான். நான்காம் முறையில் உறங்கிப்போனான். மறுநாள் காலை ஊசியை வேறு கைக்கு மாற்ற நான் சென்றபோது அவன் அழாமல் இருந்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அழுதான். ஆனால் கையை இழுக்கவில்லை. “பாயும் புலி…” என்று நான் தொடங்கினேன். விம்மிக்கொண்டே “கேட்டதாம்” என்று முடித்தான். ஒரே குத்தில் வேலை முடிந்தது.

இதன் காரணத்தை நான் பலநாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில் ஒரு குழந்தைக்கு எதுவும் தன் வசத்தில் இல்லை. எப்போது மருந்து, எப்போது ஊசி, என்ன உணவு, எப்போது வீடு என எல்லாவற்றையும் பிறர் முடிவு செய்கின்றனர். அடுத்து என்ன வரும் என்று தெரியாமையே அச்சத்தின் வேர். பாட்டில் மட்டும் அடுத்து வருவது குழந்தைக்குத் தெரியும். ‘காட்டு’ என்றால் ‘கூட்டு’ வரும், நம்பலாம். அந்த நம்பிக்கையில் உடல் தளர்கிறது, மூச்சு சீராகிறது. அதனால்தான் பிள்ளைகள் அதே பாட்டை, அதே புத்தகத்தைப் பத்து முறை கேட்கின்றனர். நமக்குச் சலிக்கும், அவர்களுக்கு அந்த மறுமுறையே மருந்து.

காட்டு விலங்கு ஏன் வேண்டும்? பூனையும் கோழியும் போதாவா? வலிமையுள்ளதும் இறுதியில் கொட்டாவி விடுகிறது, பாட்டுக் கேட்கிறது, சுருண்டு படுக்கிறது என்று காட்டவே புலியும் கரடியும் வேண்டும். ‘புலி வருகிறது’ என்று சொல்லி உறங்க வைப்பது ஒரு வழி. ‘புலிக்கும் உறக்கம் வருகிறது’ என்று சொல்லி உறங்க வைப்பது மற்றொரு வழி. விலங்கு ஒன்றேதான், குழந்தையின் நெஞ்சில் அது விட்டுச்செல்வது வேறு.

பெரியவர்கள் அஞ்சும் விலங்கிடமே பிள்ளைகள் ஆறுதல் தேடுவதற்கு வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் விலங்குகள் வெளியேறிவிடும் என்று அஞ்சி, 1943-இல் டோக்கியோவின் உவேனோ விலங்குக் காட்சிசாலையில் யானைகள் உட்படப் பல விலங்குகளைக் கொன்றனர். போர் முடிந்தபின் அந்நகரத்துப் பிள்ளைகள் கேட்டது ஒரு யானையைத்தான். அவர்களுடைய வேண்டுகோளை ஏற்றுப் பண்டித நேரு 1949-இல் யானை ஒன்றை அனுப்பிவைத்தார். தம் மகளின் பெயராகிய ‘இந்திரா’ என்பதையே அதற்கும் இட்டார். போரின் அழிவைக் கண்ட பிள்ளைகளுக்கு அவ்வளவு பெரிய உடலும் சாதுவான கண்களும் வேண்டியிருந்தன.

புலியைச் சாதுவாகக் காட்டுவது பொய்யன்றோ என்று சிலர் வினவலாம். குருவியின் குறட்டையை மறுத்த சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள். எது மெய், எது விளையாட்டு என்பதைப் பிள்ளைகள் நம்மினும் நன்கறிவர். பாட்டுப் புலியைத் தடவலாம், காட்டுப் புலியைத் தடவலாகாது என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். ஊசியைப் பற்றிச் சொல்லும் பொய்யே தீங்கானது. ‘வலிக்கவே வலிக்காது’ என்பதும் பொய்தான். ‘எறும்பு கடித்தாற்போல் சற்று வலிக்கும், பிறகு போய்விடும்’ என்று மெய்யைச் சொல்லுங்கள். குழந்தை நம்மை நம்பும்.

மருத்துவமனையில் புத்தகத்துக்கு என்ன வேலை என்பது மற்றொரு வினா. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் 1989-இல் ‘ரீச் அவுட் அண்ட் ரீட்’ என்னும் திட்டம் தொடங்கியது. உடல்நலச் சோதனைக்கு வரும் குழந்தைக்கு மருத்துவரே ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்து, அதனைப் படித்துக்காட்டும்படி பெற்றோருக்கு எடுத்துரைப்பதே அத்திட்டம். பின்னர் அந்நாடு முழுவதும் அது பரவியது. நம் மாநிலத்திலும் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ எனப் படிநிலை வகுத்துச் சிறு கதைநூல்களை வெளியிட்டுள்ளது. நேஷனல் புக் டிரஸ்ட், பிரதம் புக்ஸ், துலிகா போன்ற பதிப்பகங்கள் தமிழில் படப் புத்தகங்களைத் தருகின்றன. பிரதம் புக்ஸின் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் கட்டணமின்றிப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளவும் முடியும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். குழந்தைகள் பிரிவில் ஒரு சிறிய புத்தக அலமாரி வேண்டும். தாள்களுக்கு நெகிழி உறை இட்டால், ஒரு குழந்தை பயன்படுத்தியபின் துடைத்துத் தூய்மை செய்து அடுத்த குழந்தைக்குக் கொடுக்கலாம். இரவு எட்டரை முதல் கால் மணி நேரம் கைப்பேசிகளை ஒதுக்கிவைத்து, மெல்லிய குரலில் படிக்கும் நேரமாக அதனைக் கொள்ளலாம். பக்கத்துக் கட்டில் குழந்தையும் கேட்கட்டும். செவிலியர், மருத்துவர், உடனிருப்போர் எவரும் ‘ஊசி போட்டுவிடுவேன்’ என்ற சொல்லை இனிச் சொல்வதில்லை என்று உறுதி ஏற்கலாம். முதல் இரண்டுக்குச் சிறிது ஏற்பாடு தேவை. மூன்றாவதை இன்றிரவே தொடங்கலாம்.

படிக்கத் தெரியாதவர்கள் தயங்க வேண்டா. படத்தைக் காட்டி நீங்களே சொல்லுங்கள். சந்தம் தவறினாலும் பிள்ளை குறை சொல்லாது. நம்மூர்ப் பட்டறைகளில் களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச, மண் மெல்ல அச்சின் உட்புறத்தில் படிந்து உருவாகிறது. அது இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் உரு குலையும். எந்த அச்சில் ஊற்றுகிறோமோ அந்த உருவமே வெளிவரும் என்பதை இவ்வூரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. உறங்கும் நேரத்தில் குழந்தையின் மனமும் அந்த ஈரக் குழம்பு போன்றதே.

அன்று அந்தப் பாட்டி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: “புலிக்கு வாய் எழுதும்போது தூரிகையை ஓரத்துல கொஞ்சம் மேலே தூக்கினா சிரிக்கும் சிஸ்டர், கீழே இறக்கினா உறுமும். பிள்ளைங்க வாங்குறதுன்னா நான் மேலேதான் தூக்குவேன்.”