விருப்பத்துக்காகப் பள்ளி மாறுவது குற்றமா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்த வாரத்தில், எங்கள் உறவினர் வீட்டுப் பெண்ணொருத்தி, பல வருஷங்களாகச் சிரத்தையுடன் பழகிவந்த தடைதாண்டி ஓட்டத்தை முறைப்படி கற்கும் பொருட்டு, இப்போதிருக்கும் பள்ளியை விட்டு அரசாங்க விளையாட்டு விடுதியில் சேர்ந்து, அந்த ஊர்ப் பள்ளியிலேயே பதினோராம் வகுப்பைத் தொடர விரும்புவதாகத் தெரிவித்தபோது, கூடியிருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் அவளை அடக்கியதைக் கண்ணாரக் கண்டேன். "முதலில் பிளஸ் டூ முடியட்டும்மா, ஓட்டம் எங்கே போய்விடப் போகிறது?" என்றார் பெரியப்பா. 470 மார்க் வாங்கிய பெண்ணை விட மனமில்லாத பள்ளித் தலைமையாசிரியரோ, டி.சி.யைக் கொடுக்காமல் நாளை வா, மறுநாள் வா என்று அவள் தகப்பனாரை அலைக்கழித்துக்கொண்டிருக்கிறார். அன்று எனக்கு மூண்ட கோபம் இன்னும் தணியவில்லை.

உயர்வகுப்பில் படிக்கும் பிள்ளை தன் விருப்பத்தை நாடிப் பள்ளி மாறினால் வாழ்வே பாழாகிவிடும் என்ற நம்பிக்கை, ஏழை பணக்காரர், படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி நம் வீடுகளில் வேரூன்றிக் கிடக்கிறது. பள்ளி மாறுவதே ஆபத்து என்று இவர்கள் மெய்யாகவே அஞ்சுவார்களானால், அந்த அச்சத்துக்காவது ஒரு மரியாதை தரலாம். ஆனால், இதே பெரியப்பா தம் மகனைப் பத்தாம் வகுப்பு முடிந்த கையோடு, பிறந்த ஊரையும் பழகிய தோழர்களையும் விட்டுப் பிரித்து, நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியொன்றில், கேட்ட கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டிச் சேர்த்தவர்தாம். புது இடம் பையனுக்கு ஒத்துக்கொள்ளுமா, அவன் தனியாக இருப்பானா என்று அன்றைக்கு உறவினரில் ஒருவராவது கேட்டதில்லை. பெற்றவரின் தியாகம் என்றே புகழ்ந்தார்கள். ஆகவே இவர்கள் அஞ்சுவது பள்ளி மாற்றத்தை அன்று. தங்களைக் கேளாமல் பிள்ளையின் நெஞ்சில் ஒரு விருப்பம் முளைத்துவிட்டதே என்பதைத்தான்.

இவர்களுக்கெல்லாம் பி. டி. உஷாவை நினைவூட்டுகிறேன். 1976ஆம் வருஷம் கேரள அரசாங்கம் பெண்களுக்கென்று கண்ணூரில் விளையாட்டுப் பள்ளி தொடங்கியபோது, கோழிக்கோடு ஜில்லாவின் பய்யோலியிலிருந்து, வசதி குறைந்த குடும்பத்துச் சிறுமியொருத்தி, பெற்றோரையும் பழகிய பள்ளியையும் விட்டு, பன்னிரண்டு வயதில் அங்கே போய்ச் சேர்ந்தாள். ஓ. எம். நம்பியார் என்ற ஆசான் அங்கேதான் அவளுக்கு வாய்த்தார். எட்டே வருஷத்தில், 1984இல், லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடைதாண்டி ஓட்டத்தில், ஒரு விநாடியின் நூற்றிலொரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலப் பதக்கத்தை அவள் தவறவிட்டதும், அடுத்த வருஷம் ஜகார்த்தாவின் ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கம் வென்றதும், 1986இல் சியோல் ஆசிய விளையாட்டிலிருந்து நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் கொண்டுவந்ததும் தேசமறிந்த சரித்திரம். முதலில் படிப்பு முடியட்டும் என்று பய்யோலிப் பெரியவர்கள் அவளை மறித்திருந்தால், இந்தச் சரித்திரத்தில் ஒரு வரியாவது எழுதப்பட்டிருக்குமா?

பிளஸ் டூ முடியட்டும் என்பவர்கள் அந்த வித்தையின் இயல்பை ஒரு நாளாவது விசாரித்தறிந்ததுண்டா? 400 மீட்டருக்குள் 10 தடைகள். பெண்களுக்கு ஒவ்வொரு தடையின் உயரமும் 76.2 சென்டிமீட்டர், தடைக்கும் தடைக்கும் நடுவே 35 மீட்டர். அந்த 35 மீட்டரை இத்தனை அடியில் கடக்கவேண்டும் என்ற கணக்கு, மூச்சிரைக்கும் கடைசி நூறு மீட்டரிலும் பிசகாதபடி உடம்பில் ஊறிப் போவதற்கு, வளர் பருவத்து வருஷங்கள் வேண்டும். உரிய நாளில் பறித்து நடாமல் நாற்றங்காலிலேயே முற்றவிட்ட நாற்று, பின்னால் எத்தனை எரு இட்டாலும் தூர் கட்டாது என்பதை நம் உழவர்கள் அறிவார்கள். படித்த பெற்றோர்தாம் அறியவில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தன் பள்ளி மாணவர் விடுதிகளில் 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில்தான் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறது. பதினொன்றைத் தவறவிட்ட பெண்ணுக்கு அந்தக் கதவு அடைபட்டுவிடும். அங்கே போகிற பிள்ளை படிப்பைத் துறந்து போவதுமில்லை. உணவும் உறைவிடமும் பயிற்சியும் இலவசமாகப் பெற்று, அதே பாடத்தைப் படித்து அதே பொதுத் தேர்வைத்தான் எழுதுகிறது.

"எல்லோரும் உஷா ஆகிவிட முடியுமா?" என்பது இவர்கள் கையிலுள்ள கடைசி அஸ்திரம். பொறியியற் கல்லூரியில் சேரும் பையனை நிறுத்தி, எல்லோரும் விசுவேசுவரய்யா ஆகிவிட முடியுமா என்று எவரேனும் கேட்டதுண்டா? அவன் சாதாரண இஞ்சினீயராக இருந்து காலம் தள்ளலாமாம்; ஓடுகிற பெண் மட்டும் உலக வீராங்கனை ஆவேன் என்று முன்கூட்டியே முறிச்சீட்டு எழுதித் தரவேண்டுமாம். இது என்ன நியாயம்? ஜீவனத்துக்கு என்ன வழி என்பார்கள். அதே உஷாவுக்குத் தெற்கு ரயில்வே உத்தியோகம் தந்தது. விளையாட்டு வீரர்களுக்கென்று ரயில்வேயில் இன்றும் ஒதுக்கீடு உண்டு. பின்னர் அவரே 2002இல் கொயிலாண்டியில் ஓட்டப் பள்ளி தொடங்கினார். அங்கே பயின்ற டிண்டு லூக்கா 2012இல் லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடினார். அன்றைக்கு ஒரு சிறுமி பள்ளி மாறியதன் பலன், அடுத்த தலைமுறைக்கு ஒரு பள்ளியாகவே திரும்பி வந்தது.

இந்த மூட நம்பிக்கைக்கு எரு இடுபவை நம் பள்ளிகளே. விளையாட்டுப் பீரியடைக் கால அட்டவணையில் எழுதி ஒட்டிவிட்டு, அதைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்க்கிறார்கள், பி.டி. வாத்தியாரைப் பிரம்பெடுத்துப் பிள்ளைகளை அடக்குவதற்கும் வரிசையில் நிறுத்துவதற்கும் மட்டும் வைத்திருக்கிறார்கள். ஓடியாட முழமிடமும் இல்லாத மாடிக் கட்டடங்களுக்கெல்லாம் பள்ளி என்று பெயர். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே தாண்டி, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் மலிந்ததனால் அல்லவா, 2017–18ஆம் கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைக்க நேர்ந்தது? இசையின் கதியும் இதுவே. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதசுரமும் தவிலும் தேவாரமும் சொல்லித்தர ஆசான்கள் இருக்க, விரலும் மூச்சும் வசப்படுகிற வயதுப் பிள்ளைகளை டியூஷன் அறைகளில் அடைத்துப் பூட்டிவிட்டு, திருவிழாவில் நல்ல நாதசுரம் கேட்க முடியவில்லையே என்று அங்கலாய்ப்பவர்களும் இதே பெற்றோர்தாம்.

போகிற இடத்தில் தேர்ந்த பயிற்சியாளர் உண்டா, அவள் எடுக்க நினைக்கும் குரூப் அங்குள்ள பள்ளியில் உண்டா, விடுதி பெண்களுக்குப் பாதுகாப்பானதா, யாரும் எழுப்பாமல் விடியற்காலையில் தானே எழுந்து மைதானத்துக்குப் போகிற ஊக்கம் அவளுக்கு உண்டா என்று ஆராய்ந்து, இவற்றில் ஒன்று குறைகிறதென்று மறுப்பவரோடு எனக்கு வழக்கில்லை. ஒன்றையும் ஆராயாமல், விருப்பம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்திலே மறுப்பவரோடுதான் வழக்கு. பன்னிரண்டு வயது மகளைக் கண்ணூருக்கு அனுப்பிய பெற்றோருக்கு, அவள் ஜெயிப்பாள் என்று எவரும் உத்தரவாதம் தந்துவிடவில்லை. பதக்கங்களைக் கனவிலும் காணாத நாளில், மகளின் ஓட்டத்தை மட்டும் நம்பி அவர்கள் அனுப்பினார்கள். அவர்களைக் காட்டிலும் பொருளும் படிப்பும் மிகுந்த நமக்கு அந்தத் துணிவு வரவில்லையென்றால், அது நம்முடைய கோழைத்தனம். அதற்குப் பிள்ளையின் எதிர்காலம் பற்றிய அக்கறை என்று பெயர் சூட்ட நமக்கு எவ்வித அதிகாரமும் கிடையாது.