நம் தோட்டக் கதையில் மூன்று பூஞ்சைகள்

பத்து மாவுங்கில் இரண்டாம் பாலம் ஏறி, கடல் தாண்டி இறங்கினால் பத்து காவான். 2014இல் பாலம் திறந்த பிறகு இந்த ஊரின் முகமே மாறிவிட்டது. தொழிற்பேட்டை, அடுக்குமாடி வீடுகள், 2019இல் வந்த ஐகியா. ஆனாலும் உள்சாலைகளில் திரும்பினால் இன்னும் செம்பனை வரிசைகள் நிற்கின்றன. அப்படி ஒரு வரிசையில்தான் கடந்த மாதம் அதைப் பார்த்தோம். மரத்தின் அடியில், காது மடல் போல ஒட்டியிருந்த ஒன்று. செம்பழுப்பு நிறம், வார்னிஷ் பூசியதுபோல் பளபளப்பு, ஓரத்தில் வெள்ளைக் கரை. நண்பன் "அழகா இருக்கே" என்று படம் எடுத்தான். அந்த மரத்தின் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது என்பது, உயிரியல் படிக்கும் எனக்கே அப்போது தெரியாது.

அதன் பெயர் கானோடெர்மா போனினென்சே. செம்பனையின் அடித்தண்டு அழுகல் நோய்க்குக் காரணமான பூஞ்சை. வெளியே தெரியும் அந்த 'காது' அதன் வித்துகளைப் பரப்பும் உறுப்பு மட்டுமே. உண்மையான உடல் நூலிழைகளாக மரத்தின் உள்ளே இருக்கிறது. மட்டைகள் தொங்கி, குருத்துகள் விரியாமல் ஈட்டிபோல் நிற்கத் தொடங்கும்போது அடித்தண்டின் உட்பகுதியில் பாதிக்கு மேல் அழுகிப் போயிருக்கும். அதற்குப் பிறகு மருந்தில்லை.

மலாயாவில் செம்பனையில் இந்த நோய் 1931இலேயே பதிவாகியிருக்கிறது. அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 25 வயதைத் தாண்டிய கிழட்டு மரங்களைத்தான் அது தாக்கும் என்று நினைத்தார்கள். பிறகு 10, 15 வயது மரங்களும் விழத் தொடங்கின. பழைய தென்னை, செம்பனைத் தோட்டங்களை வெட்டி, அதே மண்ணில் மீண்டும் நட்ட இடங்களில் நோய் அதிகம். காரணம் சிக்கலானதல்ல. மண்ணுக்குள் விட்டுவைத்த அடிக்கட்டையிலும் வேரிலும் பூஞ்சை உயிரோடு இருக்கிறது. புதுக்கன்றின் வேர் அதைத் தொட்டால் போதும். காற்றில் பறக்கும் வித்துகளும் நோயைப் பரப்புகின்றன.

ஆனால் கானோடெர்மாவை வில்லனாக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மரத்துக்கு உறுதி தருவது லிக்னின் என்ற பொருள். அதை முழுமையாகச் சிதைக்கத் தெரிந்த உயிர்கள் உலகில் மிகக் குறைவு. அந்தத் திறமை கொண்ட கூட்டத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். இவை இல்லாவிட்டால் காட்டில் விழுந்த மரங்கள் மண்ணாகாமல் குவிந்துகொண்டே போகும். காட்டில் நூறு வகை மரங்களுக்கு நடுவே அது தன் வேலையைச் செய்கிறது. நாம்தான் ஒரே உணவை வரிசை வரிசையாகப் பரிமாறிப் பந்தி விரித்து வைத்தோம்.

இப்படிப் பந்தி விரித்தது முதல் முறையும் அல்ல. இங்கே நம் சொந்தக் கதை உள்ளே வருகிறது.

1869இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைகளின் அடியில் மஞ்சள்-ஆரஞ்சு நிறத் தூள் தெரிந்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற துருப்பூஞ்சை. 1880இல் ஹேரி மார்ஷல் வார்ட் என்ற, இருபதுகளில் இருந்த ஆங்கிலேய ஆய்வாளர் அனுப்பப்பட்டார். துரைமார்கள் எதிர்பார்த்தது ஒரு மருந்து. அவர் தந்தது விளக்கம்: வித்துகள் காற்றில் பரவுகின்றன, தடுப்பே இல்லாமல் மலை மலையாக ஒரே பயிரை நட்டதுதான் நோய்க்கு வழிவிட்டது. அந்தப் பதிலை அவர்கள் ரசிக்கவில்லை. சில ஆண்டுகளில் காப்பி சரிந்தது, தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் வேண்டும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்த கூலித் தமிழர்கள் லயன்களில் நிரந்தரமாகத் தங்கியதில் அந்தப் பூஞ்சைக்கும் பங்கு உண்டு. நொடித்துப்போன துரைமார்களில் சிலர் கடல் கடந்து மலாயா வந்தார்கள். முதலில் இங்கும் காப்பி நட்டார்கள், பிறகு ரப்பர்.

அந்த ரப்பரைக் காப்பாற்றியது, வராமல் போன இன்னொரு பூஞ்சை. ரப்பரின் தாயகமான அமேசான் காட்டில் மரங்கள் ஒன்றுக்கொன்று தூரத்தில் சிதறி நிற்கும். அங்கே இலைக்கருகல் நோய்ப் பூஞ்சையும் உண்டு, மரங்களும் பிழைத்துக்கொள்ளும். 1928இல் ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் ஃபோர்ட்லாண்டியா என்ற ரப்பர் தோட்டத்தைத் தொடங்கி மரங்களை நெருக்கி நட்டார். பூஞ்சை மரத்துக்கு மரம் தாவியது. 1945இல் நிலத்தை பிரேசில் அரசுக்கே விற்றுவிட்டு வெளியேறினார்கள். 1870களில் ஆசியாவுக்கு வந்த ரப்பர் விதைகளோடு அந்த நோய் வரவில்லை. நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைக்க முடிந்ததற்கு இந்த அதிர்ஷ்டமும் ஒரு காரணம். அது இன்றுவரை நீடிப்பதும் தானாக நடக்கவில்லை. 1956இல் ஆசிய பசிபிக் நாடுகள் செய்துகொண்ட தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இந்த ஒரு நோய்க்கென்றே தனி விதிகள் சேர்க்கப்பட்டன.

இவ்வளவு பெரிய கதையில் நாம் பள்ளியில் படித்தது என்ன? தமிழ்ப்பள்ளியில் 'பூஞ்சை' என்று நுண்ணுயிர்ப் பாடத்தில் ஒரு படம், பூசணம் பிடித்த ரொட்டி. இடைநிலைப்பள்ளியில் அதுவே 'கூலாட்'. தேர்வுக்கு அது போதும். பூஞ்சை தாவரமல்ல, உறவுமுறையில் நமக்கு நெருக்கம் என்பதும், அதன் செல்சுவரில் இருக்கும் கைட்டின்தான் புக்கிட் தம்பூன் கடைகளில் நாம் உரித்துப் போடும் இறால் ஓட்டிலும் இருக்கிறது என்பதும் எனக்குப் பல்கலைக்கழகத்தில்தான் தெரிந்தது. நம் சமையலறைத் தெம்பேயைக் கட்டியாகப் பிடித்து வைத்திருப்பதும் ஒரு பூஞ்சையின் நூலிழைதான்.

உலக அளவிலும் நிலைமை பெரிதாக வேறல்ல. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் 2023 அறிக்கை, சுமார் 25 லட்சம் பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறது. பெயரிடப்பட்டவை ஏறக்குறைய 1,55,000. மனிதர்களைத் தாக்கும் ஆபத்தான பூஞ்சைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் முதன்முதலாக முன்னுரிமைப் பட்டியல் வெளியிட்டதே 2022இல்தான். அதில் 19 இடம்பெற்றன.

கானோடெர்மா ஆய்வு நம் நாட்டில் நடக்காமல் இல்லை. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியமும் பல்கலைக்கழகங்களும் பல ஆண்டுகளாக இதில் இருக்கின்றன. அதில் எனக்குப் பிடித்த பகுதி, ட்ரைக்கோடெர்மா என்ற இன்னொரு பூஞ்சையைக் கொண்டு கானோடெர்மாவை அடக்கும் முயற்சி. ஆய்வுக்கூடத்தில் இரண்டையும் ஒரே தட்டில் வளர்த்தால் ட்ரைக்கோடெர்மா பச்சையாகப் படர்ந்து மற்றதை நெருக்குகிறது. தோட்டத்து மண்ணில் அது அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. மறுநடவின்போது பழைய அடிக்கட்டைகளைத் தோண்டி எடுத்துத் துண்டாக்குவதுதான் இன்றும் முக்கியமான வழி. பெரிய நிறுவனத்திடம் அதற்கு இயந்திரம் இருக்கிறது. நாலைந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்கு அந்தச் செலவு பாரம். மரம் விழ விழ, அவருடைய மாத வருமானமும் குலை குலையாகக் குறைகிறது.

என் வகுப்பில் பூஞ்சையியலை மேற்படிப்பாக எடுக்கப் போவதாகச் சொல்பவர்கள் இரண்டே பேர். மற்றவர்களைக் குறை சொல்லமாட்டேன். பாலத்தின் இந்தப் பக்கம் இறங்கினாலே மின்னணுத் தொழிற்சாலைகள் சம்பளத்தோடு காத்திருக்கின்றன. எங்கள் வீட்டிலும் "காளானைப் படிச்சு என்னடா செய்யப் போற?" என்று அம்மா கேட்டார். வார்ட், ஃபோர்டு கதைகளைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்போ அந்த மரத்தை என்ன பண்ணுவாங்க?" என்றார்.

வெட்டுவார்கள். அந்த நிலத்தில் கட்டடம் எழும்பாமல் மீண்டும் செம்பனையே நட்டால், அடிக்கட்டையைத் தோண்டினார்களா இல்லையா என்பதை அடுத்த கன்றுகளின் வேர்கள் கண்டுபிடித்துவிடும்.