பாஷை தன்பாட்டில் வராது

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வெளிநாட்டுக் கதை எடுத்தால் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லுவார்: "அங்க போனால் பாஷை தன்பாட்டில வரும்." ஸ்பெயினுக்குப் படிக்கவோ உழைக்கவோ புறப்படும் பிள்ளைக்கும் இதே புத்திமதிதான். கூடவே இன்னும் சில: சுத்தமான ஸ்பானிஷ் பேசும் இடமாய்ப் பார், பெரிய நகரமாய்ப் பார், எங்கட சனம் இல்லாத தெருவாய்ப் பார். நல்ல மனத்தோடு சொல்கிறார்கள். ஆனால் இதை நம்பி வீடு பிடிக்கிற பிள்ளை வருஷக்கணக்கில் ஊமையாய் இருக்க நேரும்.

பாஷை தன்பாட்டில் வருமென்றால் பாரிஸ் லா ஷப்பலிலும் ரொறன்ரோ ஸ்காபரோவிலும் முப்பது வருஷம் இருந்தவர்கள் வைத்தியரிடம் போகும்போது பேரப்பிள்ளையை ஏன் கூட்டிக்கொண்டு போகிறார்கள்? அது அவர்களுடைய சோம்பலும் அல்ல, மந்தமும் அல்ல. அவர்கள் செய்த வேலை அந்தப் பாஷையை அவர்களிடம் கேட்கவேயில்லை.

கேட்ட வேலை எப்படி இருக்கும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சாட்சி உண்டு. நியூயோர்க்கில் வைத்தியராய் இருந்த ஜோன் ஸ்கடர் 1820இல் அமெரிக்க மிஷனின் ஆளாகப் பண்டத்தரிப்புக்கு வந்து வைத்தியசாலை தொடங்கினார். வயிறு உளையுது, நெஞ்சு எரியுது, நாரி பிடிச்சிட்டுது, கால் விறைக்குது என்று சனம் வந்து நிற்கும். உளைவுக்கும் எரிவுக்கும் வேறுபாடு தெரியாத வைத்தியர் மருந்து கொடுக்க முடியாது. ஊர் அவருக்குத் தமிழைத் தானாக ஊட்டிவிடவில்லை. ஆசிரியர் வைத்துப் படித்தார்கள் மிஷன்காரர்கள். படித்ததை நாள்தோறும் சோதித்தது நோயாளி வரிசை.

"அவர் வைத்தியர், பின்னால் மிஷனும் பணமும் இருந்தது. கோப்பை கழுவப் போகிற பிள்ளையை அவரோடு ஒப்பிடலாமோ?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வசதியில் ஒப்பில்லைத்தான். ஆனால் மட்ரிட்டின் லாவாபியெஸ் பகுதியில் வங்காளிகளும் நம்மவர்களுமே நிற்கும் சமையலறையில் பின்பக்கம் கோப்பை கழுவுகிறவருக்கும், சின்னப் பட்டினமொன்றில் பழக்கடை முன்மேசையில் நின்று கிழவிகளோடு விலை பேசுகிறவருக்கும் சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கலாம். ஒரு வருஷத்துக்குப் பிறகு இருவருடைய ஸ்பானிஷும் ஒன்றாக இராது. நகரத்தின் பெயரைவிட வேலை எந்தப் பக்கத்து வேலை என்பதே முக்கியம்.

அடுத்தது, சுத்தம். வல்லதோலித்தில் பேசுவதுதான் சுத்த ஸ்பானிஷ் என்பார் ஒருவர், பொகோட்டாவில்தான் என்பார் இன்னொருவர். ஸ்பானிஷ் அக்கடமி 1713இல் மட்ரிட்டில் தொடங்கியது உண்மை. இன்றோ 23 அக்கடமிகள் கூடியே இலக்கணமும் எழுத்துமுறையும் வகுக்கின்றன. செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் டெலே என்னும் ஸ்பானிஷ் பரீட்சையில் மெக்சிக்கோ உச்சரிப்புக்கோ ஆர்ஜென்டீனா வழக்குக்கோ புள்ளி குறைப்பதில்லை. யாழ்ப்பாணத் தமிழைச் சினிமாவில் கேலி செய்யும்போது கொதிக்கிற நாங்கள், வேறொரு பாஷைக்குள் போனதும் சுத்தம் பார்க்கலாமா? ஸ்கடரைப் போலவே அமெரிக்க மிஷனில் இருந்த மிரன் வின்சுலோ தமிழ் படிக்க மதுரைக்குப் போகவில்லை, இங்கே உடுவிலில் இருந்தார். 1862இல் சென்னையில் வெளிவந்த அவருடைய தமிழ் அகராதியில் 67,000க்கும் மேற்பட்ட சொற்கள். ஸ்கடரும் இங்கே பழகிய தமிழோடுதான் 1836இல் சென்னைக்குப் போனார். 1822இல் பண்டத்தரிப்பில் பிறந்த அவருடைய மகன் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் பிறகு ஆற்காட்டில் மிஷனையே தொடங்கினார்.

பெரிய நகரம் என்றதும் எல்லாருக்கும் பார்சிலோனா. அங்கே பள்ளிக்கூடமும் நகரசபையும் பெரும்பாலும் கற்றலான் மொழியில் நடக்கும். அதையும் படிக்க விருப்பமென்றால் போங்கள், இரண்டும் நல்ல பாஷை. ஸ்பானிஷ் மட்டும் என்றால் யோசியுங்கள்.

எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது கடைசிப் புத்திமதி: எங்கட சனத்தைவிட்டு விலகி இரு. இங்கே வந்த அமெரிக்க மிஷன்காரர்கள் தங்கள் சனத்தைவிட்டு அப்படி விலகவில்லை. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய், பண்டத்தரிப்பு என்று சில மைல்களுக்குள்ளே குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். வீட்டில் ஆங்கிலம், வாசலுக்கு வெளியே தமிழ். ஸ்பெயினில் புதிதாய் இறங்குகிறவருக்கு முதல் தேவை நகரசபையில் வதிவிடப் பதிவு, எம்பத்ரொனாமியெந்தோ என்பார்கள். அங்கே எத்தனை காலம் இருந்தீர்கள் என்பதற்குப் பிற்காலத்தில் அதுதான் முக்கியமான அத்தாட்சி. தங்கள் முகவரியில் பதிய விடாத வீட்டுக்காரர்கள் உண்டு. அந்த நேரத்தில் ஒரு முகவரி தருகிறவர் அநேகமாக ஊர்க்காரராகத்தான் இருப்பார். அவரை விட்டுத் தனித்துப் போய் அறைக்குள் அழுதுகொண்டிருப்பவருக்கு எந்தப் பாஷை ஏறும்?

ஆகவே, புறப்படப்போகிற தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்வது இதுதான். வீட்டுக்கு முற்பணம் கட்டுமுன் மூன்று காரியம் விசாரியுங்கள். இந்த முகவரியில் பதிய வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? வெளிநாட்டவருக்கு ஸ்பானிஷ் படிப்பிக்கும் அரச மொழிப் பள்ளி பஸ் தூரத்தில் இருக்கிறதா? வேலையில் நாள்தோறும் யாரோடு, எதைப் பற்றிக் கதைக்க வேண்டிவரும்? மூன்றுக்கும் நல்ல பதில் கிடைக்காவிட்டால், மட்ரிட்டே ஆனாலும் அந்த வீட்டை எடுக்காதீர்கள்.