தலைக்கு ஊற்றினால் மட்டும் வரும் வலிப்பு

ஓசூர் குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிப்காட்டில் முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் வீட்டில் விடியும் முன்பே அண்டாவில் வெந்நீர் கொதிக்கும். போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உடம்புக்கு ஊத்தினா ஒண்ணும் ஆகல. தலைக்கு ஊத்துற அன்னிக்கு மட்டும் பையன் கண்ணு சொருகி, பேச்சு குழறிப் போகுது. ரெண்டு தடவை விழுந்துட்டான். யாரு கண்ணு பட்டுச்சோ..."

இதற்கு வெந்நீர் வலிப்பு என்று பெயர். மற்ற நாடுகளில் அபூர்வம். தென்னிந்தியாவில், அதுவும் கர்நாடகத்தில், அதிகம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 1988-லேயே 279 பேரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கொதிக்கக் கொதிக்கச் சொம்பு சொம்பாக உச்சந்தலையில் ஊற்றுகிறோமே, அந்தப் பழக்கம்தான் தூண்டிவிடுகிறது. பரம்பரைக்கும் பங்குண்டு.

"எப்பவோ ஒரு தடவைதானே, விட்டுடலாமா?" என்றார் அக்கா.

விடக்கூடாது. 1969-ல் காடார்ட் என்ற ஆராய்ச்சியாளர், எலிகளின் மூளைக்குத் தினமும் மிகச் சிறிய மின்தூண்டல் கொடுத்த சோதனையை வெளியிட்டார். முதலில் எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாளாக நாளாக அதே தூண்டலுக்கு வலிப்பு வந்தது. பல வாரம் நிறுத்தி வைத்தும் மூளை அதை மறக்கவில்லை. சுள்ளி வைத்து அடுப்பு மூட்டுவது போலிருந்ததால் 'கிண்ட்லிங்' என்றே பெயர் வைத்தார்கள்.

நிம்ஹான்ஸ் குழு இதை வெந்நீரை வைத்தே எலிகளிடம் பார்த்தது. 2006-ல் வெளியான அந்த ஆய்வில், திரும்பத் திரும்ப வலிப்பு வந்த எலிகளின் ஹிப்போகேம்பஸில் (ஞாபகத்தைக் கவனிக்கும் பகுதி) நரம்பிழைகள் புதிதாகக் கிளைத்திருந்தன. வயரிங்கே மாறிவிட்டது! எலிக்கு ஆனது நமக்கும் அப்படியே ஆகும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் வெந்நீர் வலிப்பு உள்ளவர்களில் சிலருக்குப் பிற்பாடு தண்ணீர் படாமலேயே வலிப்பு வருவதுண்டு.

அக்காவிடம் சொன்னேன்: தலைக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும். உட்கார்ந்து குளிக்கட்டும், கதவைத் தாழ் போட வேண்டாம். விழுந்தால் சாவிக்கொத்தைத் தேடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. நரம்பியல் டாக்டரை அவசியம் பாருங்கள். சிலருக்குக் குளிப்பதற்கு முன் மட்டும் போடும் மாத்திரையே போதும் என்பார்கள். நிம்ஹான்ஸ் இருப்பதும் ஓசூர் ரோட்டில்தான்.

"வெளிய தெரிஞ்சா பொண்ணு குடுப்பாங்களா?" என்றார்.

"அது இருக்கட்டும் அக்கா, கம்பெனிக்கு எதுல போறான்?"

"பைக்குலதான்."

"டாக்டர் சொல்ற வரைக்கும் கம்பெனி பஸ்ல அனுப்புங்க."