துகள் மோதலும் முதலாளிகளின் கட்டுக்கதையும்

"லாபம் இல்லையேல் விஞ்ஞானம் இல்லை!" முதலாளிகளின் மேதாவிகள் ஓயாமல் பாடும் பாட்டு இது. தனியார் போட்டிதான் புதுமையைப் பெற்றெடுக்கிறதாம். சர்க்கார் கைவைத்தால் எல்லாம் துருப்பிடித்துவிடுமாம். இந்தப் பாட்டைப் பாடித்தான் பொதுச் சொத்துகளை ஏலம் போடுகிறார்கள். இது உண்மைதானா? சரித்திரத்தைப் பார்ப்போம், தோழர்களே!

நிற்கும் வண்டிமீது ஒரு வண்டி மோதினால், வேகத்தில் பெரும்பங்கு அதைத் தள்ளிக்கொண்டு போவதிலேயே கழிந்துவிடும். இரண்டும் எதிரெதிரே வந்து மோதினால் முழு வேகமும் மோதலில் இறங்கும். அணுத்துகள்களை இப்படி மோதவிட்டு இயற்கையின் ரகசியத்தைக் கறப்பதே மோதல் வளையங்களின் வேலை.

எலெக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் சேர்த்துச் சுழற்றிய முதல் வளையம் 1961-ல் இத்தாலியின் பிராஸ்காட்டியில் ஓடியது. 'அடா' என்று அதற்குப் பெயர். குறுக்களவு ஒன்றரை மீட்டர்கூட இல்லை! அதற்கு யோசனை தந்தவர் புருனோ டவ்ஷெக். யூதத் தாயின் மகன் என்பதற்காக வியன்னா சர்வகலாசாலையிலிருந்து நாஜிகளால் துரத்தப்பட்டவர். 1945-ல் சிறைக்கைதியாக நடத்திச் செல்லப்பட்டபோது நாஜிக் காவலன் சுட்டு, செத்தார் என்று விட்டுப்போன மனிதர். அந்த வளையம் எந்தக் கம்பெனியின் பணத்தில் எழுந்தது? இத்தாலிய மக்களின் வரிப்பணத்தில்!

சோவியத் யூனியனில், சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில், புட்கர் தலைமையில் எலெக்ட்ரான்களை மோதவிட்டார்கள். 1964-ல் பலன் கண்டார்கள். தனியார் துறையின் சொர்க்கம் என்கிறார்களே, அந்த அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் கட்டிய வளையத்துக்குப் பணம் தந்தது யார்? கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகம்! லாபவேட்டைக்காரர்கள் அப்போது எங்கே போயிருந்தார்கள் என்று கேட்கிறோம்.

"கூலிக்குப் போராடுகிறவனுக்கு இது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். சொல்கிறோம். புட்கரின் நிலையம் ஆலைகளுக்கான எலெக்ட்ரான் யந்திரங்களையும் செய்தது. மின்கம்பியின் மேலுறையை வெப்பம் தாங்கும்படி உறுதியாக்க அவை பயன்பட்டன. 1980-ல் ஒடெஸ்ஸா துறைமுகத்தில் தானியத்தைப் பூச்சியிடமிருந்து காத்தன. உழைப்பாளி விளைத்த தானியம்!

1954-ல் 12 ஐரோப்பிய நாடுகள் பொதுப்பணத்தில் செர்ன் நிலையத்தைத் தொடங்கின. ராணுவ வேலை கூடாது, கண்டதை உலகுக்கு வெளியிட வேண்டும் என்பது அதன் விதி. 1971-ல் புரோட்டான்களை எதிரெதிரே மோதவிட்ட முதல் வளையம் அங்கேதான் ஓடியது. அங்கே பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, பல நாட்டு விஞ்ஞானிகள் தகவலைப் பகிர்ந்துகொள்ள 1989-ல் வகுத்த திட்டமே இன்றைய வலைத்தளங்களின் மூலம். 1993 ஏப்ரல் 30-ல் செர்ன் அதை ஒரு காசு கேட்காமல் உலகத்துக்கு விட்டுக்கொடுத்தது.

பிறகு நடந்தது என்ன? ஊரார் சேர்ந்து வெட்டிய கிணற்றைச் சுற்றிப் பண்ணையார் வேலி போட்டுத் தண்ணீருக்குக் காசு கேட்பதில்லையா? ஏகபோகக் கம்பெனிகள் செய்வது அதுதான். வெட்டியவன் கை காய்த்தது. வேலி போட்டவன் பை நிறைந்தது. பிறகு, "கிணறே எங்களால்தான் வந்தது" என்று கதை வேறு!

இந்தப் புளுகை உடைப்போம். ஆராய்ச்சிக்குப் பொதுப்பணத்தை வெட்டுவதை எதிர்ப்போம். பொதுப்பணத்தில் பிறந்த கருவி ஆலைக்கு வரும்போது ஆட்குறைப்புக்கு அல்ல, வேலை நேரக் குறைப்புக்கே பயன்பட வேண்டும் என்று சங்கங்களில் முழங்குவோம்.

மக்கள் பணத்தில் விளைந்த விஞ்ஞானம் மக்களுக்கே!